கேம் சேவ் ஃபைல் போன கதை, மீண்ட கதை: கடலூர், பாண்டிக்காரர்கள் எழுதுங்கள்

மஞ்சக்குப்பம் பிளேயர்:

நம்ம பக்கம் சேவ் ஃபைலை (கேமில் எதுவரை ஆடினோம் என்று பதிந்து வைக்கும் ஃபைல்) கொல்வது வைரஸோ ஹேக்கரோ இல்லை, கரண்டும் தண்ணீரும்தான். அதனால் "கிளவுட் ஆன் பண்ணி வைங்க, போதும்" என்று, அதாவது நெட் வழியாகக் கம்பெனி சர்வரில் ஒரு காப்பி இருந்தால் போதும் என்று, வீடியோவில் யாராவது சொன்னால் நான் பாதிதான் நம்புவேன். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரை கடந்த நாள். மதியத்திலிருந்தே எங்கள் தெருவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. தங்கை ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம் ஆடிக்கொண்டிருந்தாள். அந்த கேமில் நினைத்த நேரத்தில் சேவ் செய்ய முடியாது, கேமுக்குள் அந்த நாள் முடிந்து போய்ப் படுத்தால்தான் சேவ் ஆகும். அவள் படுக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. கரண்டும் நெட்டும் திரும்பி வந்த பிறகு திறந்தால், பண்ணை லோடே ஆகவில்லை.

ஃபோல்டரைப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது, சைஸும் வழக்கம்போலத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே திறந்தால் எல்லாமே பூஜ்யம். இது எப்படி என்றால், கேம் "எழுதிவிட்டேன்" என்று சொன்னாலும் விண்டோஸ் அதை உடனே டிஸ்கில் எழுதுவதில்லை, கொஞ்ச நேரம் மெமரியில் வைத்திருந்து பிறகுதான் இறக்கும். ஃபைலின் பெயரும் சைஸும் டிஸ்கில் பதிவாகி, உள்ளடக்கம் இறங்குவதற்குள் கரண்ட் போனால் இப்படித்தான் வெறும் கூடு மிஞ்சும். கொடுமை என்னவென்றால், சிஸ்டம் ஆன் ஆனதும் சிங்க் (சிஸ்டத்தில் இருப்பதையும் கிளவுடில் இருப்பதையும் ஒன்றாக்கும் வேலை) பார்த்தது எது புதிய ஃபைல் என்பதை மட்டும்தான். கெட்டுப்போனதுதானே புதியது? அதையே மேலே ஏற்றிவிட்டது. கிளவுடில் இருந்த நல்ல காப்பி போயே போச்சு.

காப்பாற்றியது கேமை எழுதியவரின் முன்யோசனை. விண்டோஸில் ஆப்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் ஸ்டார்டியூ வேலி, அதற்குள் சேவ்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் முந்தைய சேவ், பெயரின் கடைசியில் ஓல்ட் என்ற ஒட்டோடு தனியாகக் கிடக்கும், பண்ணை ஃபைலுக்கு ஒன்று, கூடவே இருக்கும் சின்ன இன்ஃபோ ஃபைலுக்கு ஒன்று. கெட்ட இரண்டையும் வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு இந்த இரண்டின் பெயரிலும் ஓல்டை எடுத்துவிட்டேன், பண்ணை வந்துவிட்டது. கேமுக்குள் ஒரே ஒரு நாள் நஷ்டம். அதற்கே தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஏதோ அபூர்வ மீன் பிடித்திருந்தாளாம்.

சிங்க் இன்றைய நிலையை மட்டும்தான் வைத்திருக்கும். நேற்றையதும் போன வாரத்தையதும் தனித்தனியாக இருந்தால்தான் அது பேக்கப். சரி, அடுத்தவர் வாங்க.

ஓ.டி.காரன்:

தம்பி, உங்களுக்குக் கிளவுடாவது இருந்தது. எங்கள் காலத்தில் பென் டிரைவ்தான். முதுநகரிலிருந்து சைக்கிள் மிதித்து டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் ஆடுவோம். அந்தக் கடையில் எல்லா சிஸ்டத்திலும் ரீஸ்டார்ட் ஆனால் சி டிரைவை ஆதி நிலைக்கே கொண்டுபோய்விடும் சாஃப்ட்வேர் போட்டிருந்தார்கள். வைரஸுக்குப் பயந்து போட்டது, நியாயம்தான். ஆனால் கேமின் சேவ் எல்லாம் மை டாக்குமென்ட்ஸுக்குள் போகும், அது சி டிரைவில் இருக்கும். மறுநாள் போனால் முதல் மிஷனிலிருந்து ஆட வேண்டும். கடை அண்ணனிடம் கேட்டால் "எல்லாருக்கும் அப்படித்தான்டா" என்பார்.

பிறகு ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார்: யூசர் ஃபைல்ஸ் என்று முடியும் அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்துக்கொள், ஒரு சேவ் சுமார் 200 கேபிதான், கேம் தரும் எட்டு சேவ் ஸ்லாட்டும் சேர்ந்தால் இரண்டு எம்பிகூட வராது. 1 ஜிபி பென் டிரைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தோம். அந்தக் காலத்து ஷார்ட்கட் வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? பென் டிரைவைக் குத்தினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். பசங்க பலபேர் பயந்துபோய் ஃபார்மட் அடித்துவிடுவார்கள். உண்மையில் ஃபோல்டர் எங்கேயும் போகவில்லை, மறைந்துதான் இருக்கும், விண்டோஸில் கமாண்டு டைப் செய்யும் சிஎம்டி விண்டோவைத் திறந்து ஆட்ரிப் கமாண்டு போட்டு ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு குறியையும் எடுத்துவிட்டால் எல்லாம் அப்படியே வரும். இது தெரிந்த பிறகு எனக்குத் தெருவில் தனி மரியாதை.

ஆனால் பென் டிரைவும் எல்லாவற்றுக்கும் பதில் இல்லை. 2011 டிசம்பர் 30, தானே புயல். அதற்குள் வீட்டிலேயே சிஸ்டம் வாங்கியிருந்தோம். மேலே ஷீட் போட்ட அறை, ஷீட் பறந்தது, சிஸ்டமும் அதே மேஜை டிராயரில் இருந்த பென் டிரைவும் ஒன்றாக நனைந்தன. பென் டிரைவைக் காயவைத்ததில் பிழைத்தது, ஹார்ட் டிஸ்க் பிழைக்கவில்லை. கரண்ட் வர எவ்வளவு நாள் ஆனது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதிலிருந்து என் கணக்கு இதுதான்: ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டு காப்பி ஒரு காப்பிதான். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க் கிடக்கிறது, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுசை ஏற்றிவிட்டு வருவேன். அக்காவுக்கு அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, கல்யாண போட்டோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ரெயின்போ நகர்:

பாண்டியிலிருந்து. அதே ஃபெஞ்சல். ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று எல்லாரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5) கேம் கன்சோலை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். முதலில் பிரிட்ஜையும் அரிசி மூட்டையையும் தூக்கினோம், அதுதான் முறையும்கூட.

தண்ணீர் வடிந்ததும் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். போர்டு போய்விட்டது, மாற்றலாம் என்றார்கள். டேட்டா இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி டேட்டாவை எடுக்கலாமே என்று கேட்டேன். பிஎஸ் 5-இல் உள் ஸ்டோரேஜ் தனியாகக் கழற்றுகிற மாதிரி இல்லை, போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள், போர்டு போனால் அதுவும் போகும். கூடுதலாக, கழற்றி மாட்டுகிற மாதிரியான ஒரு எம்.2 எஸ்எஸ்டி போட்டிருந்தேன், அது பிழைத்தது. ஆனால் அதில் இருப்பது கேம்கள் மட்டும், சேவ் எப்போதும் உள் ஸ்டோரேஜில்தான் உட்காரும். நிறைய பேருக்கு இது தெரியாது, நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இதில் யுஎஸ்பி சமாச்சாரம் இன்னும் கடுப்பு. பிஎஸ் 4 கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பிக்கு காப்பி செய்யலாம், அந்த கேமை பிஎஸ் 5-இல் ஆடினாலும் செய்யலாம். பிஎஸ் 5 கேம் என்றால் சேவ் ஃபைலை மட்டும் தனியாக யுஎஸ்பிக்கு எடுக்க வழியே இல்லை, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டினால் கிளவுட், கட்டாவிட்டால் மொத்த கன்சோலையும் யுஎஸ்பியில் பேக்கப் எடுக்க வேண்டியதுதான். என் சேவ் ஃபைலை மட்டும் எனக்கே எடுத்துக்கொள்ள மாதாமாதம் காசு கொடுக்க வேண்டும் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? நல்லவேளையாக எங்கள் சித்தப்பா பையன் சந்தாவைப் புதுப்பித்து வைத்திருந்தான், பெரும்பகுதி திரும்பி வந்தது. புது கன்சோல் இப்போது சுவரில் ஷெல்ஃப் அடித்து இடுப்புக்கு மேலே இருக்கிறது.

நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் வைத்திருப்பவர்களும் கவனம். சேவ் எஸ்டி கார்டில் இருப்பதாக நினைக்காதீர்கள், மெஷினுக்குள்தான் இருக்கிறது. சந்தா கட்டினாலும் ஸ்பிளாட்டூன் 2 மாதிரி சில கேம்கள் கிளவுடுக்கே போகாது.

நெல்லிக்குப்பம் மொபைல் கேமர்:

அண்ணா, நான் போன் மட்டும்தான். மைன்கிராஃப்ட் கேமில் நான் கட்டிய உலகம் அம்மா கையால் அழிந்தது. ஸ்டோரேஜ் ஃபுல் என்று வந்ததும், வாட்ஸ்அப் குட்மார்னிங் படம் இறங்கவில்லை என்று கேமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டார். உலகம் ஆப்பின் சொந்த ஸ்டோரேஜில் இருந்தால் ஆப்போடு அதுவும் போய்விடும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு ஆண்ட்ராய்டு டேட்டா ஃபோல்டருக்குள் ஃபைல் மேனேஜரை வைத்து எட்டிப் பார்ப்பதும் கஷ்டம். இப்போது கேமுக்குள்ளேயே எக்ஸ்போர்ட் கொடுத்து, வரும் ஒற்றை ஃபைலை கூகுள் டிரைவில் போட்டுவிடுகிறேன். பழைய பிஎஸ்பி மெஷினின் கேம்களைப் போனில் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டர் இந்த விஷயத்தில் தங்கம். நாம் காட்டின இடத்தில் பிஎஸ்பி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும், அதற்குள் சேவ்டேட்டாவை மட்டும் காப்பி எடுத்தால் போதும். ஆடும் நொடியை அப்படியே எமுலேட்டர் பிடித்துவைக்கும் சேவ் ஸ்டேட்டை மட்டும் நம்பாதீங்க, எமுலேட்டர் வெர்ஷன் மாறினால் சில சமயம் திறக்காது, கேமுக்குள் கொடுக்கும் சேவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியனூர்:

பிசியில் ஒவ்வொரு கேமுக்கும் ஃபோல்டரைத் தேடித்தேடி காப்பி அடிப்பது எனக்கு ஆகாத வேலை. தானாகச் செய்ய ஏதாவது இருக்கிறதா? ஒரு கேம் டாக்குமென்ட்ஸில் வைக்கிறது, இன்னொன்று ஆப்டேட்டாவில், இன்னொன்று கேம் வாங்கி ஆடும் ஸ்டீம் ஆப்பின் யூசர்டேட்டா ஃபோல்டரில். ஆளுக்கொரு பக்கம்.

மஞ்சக்குப்பம் பிளேயர்:

லுடுசாவி என்று ஒன்று இருக்கிறது நண்பா, இலவசம், ஓப்பன் சோர்ஸ். எந்த கேம் எங்கே சேவ் வைக்கும் என்ற பட்டியலை பிசி கேமிங் விக்கி என்ற தளத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்கேன் கொடுத்தால் கண்டுபிடித்துத் தரும். செட்டிங்கில் எத்தனை பழைய காப்பி வைக்க வேண்டும் என்று இருக்கும், அதை ஒன்றிலேயே விடாமல் ஏற்றி வையுங்கள், இல்லாவிட்டால் என் தங்கை கதைதான். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டுவிட்டால் இரவில் தானாக ஓடும்.

பெரிய கம்பெனி கேம் என்று நம்பி இருக்கவும் வேண்டாம். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது பிசியில் சேவ் 8 எம்பி தாண்டினால் கெட்டுப்போனது, நிறைய பொருள் சேர்த்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். 1.06 பேட்ச் என்ற அப்டேட்டில் அந்த எல்லையை எடுத்தார்கள், ஆனால் ஏற்கெனவே கெட்டதை அது மீட்கவில்லை.

ஓ.டி.காரன்:

அப்புறம் வில்லியனூர் தம்பி, லுடுசாவியைப் போட்டதும், எடுத்த காப்பியை ஒரு தடவை ரீஸ்டோர் செய்து பாருங்கள். முக்கியமான கேமில் வேண்டாம், ஆடி முடித்துத் தூக்கிப் போட்ட ஏதாவது ஒன்றில். ரீஸ்டோர் செய்யும்போது கிளவுட் சிங்கை ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இறக்கியதை அது மேலிருந்து திரும்ப மூடிவிடும். கேமைத் திறந்து சேவ் சரியாக வருகிறது என்று பார்த்த பிறகு ஆன் செய்யுங்கள், எது வேண்டும் என்று கேட்டால் லோக்கல் ஃபைலைக் கொடுங்கள்.

வில்லியனூர்:

சரிண்ணா, ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறேன். யுபிஎஸ்-க்கு புது பேட்டரி எங்கே மலிவாகக் கிடைக்கும், பாண்டியிலா கடலூரிலா?