ஓட்ஸ் தேங்காய் குக்கீ மெத்துன்னு வர என்ன செய்யணும்?

அஸ்தம்பட்டி அம்மா:
மூணு தடவை செஞ்சுட்டேன். ஒரு கப் ஓட்ஸ், முக்கால் கப் மைதா, அரை கப் வெள்ளைச் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, அரை கப் தேங்காய்த் துருவல். 180 டிகிரியில 15 நிமிஷம். சூட்டோட நல்லாத்தான் இருக்கு, ஆறினதும் ரஸ்க் மாதிரி உடையுது. பொண்ணுக்குப் பல்லுல கம்பி போட்டிருக்கு, கடிக்க முடியல.

ஏற்காடு அடுப்படி:
சர்க்கரைதாங்க காரணம். பாதிக்குப் பாதி நாட்டுச்சர்க்கரை போடுங்க, அது ஈரத்தை விடாமப் பிடிச்சுக்கும். 15 நிமிஷமும் அதிகம். பத்து, பதினொண்ணுல ஓரம் பொன்னிறமாயிடும், நடு வேகாத மாதிரி பளபளன்னு தெரியும். பயப்படாம வெளிய எடுத்து, தட்டுலயே அஞ்சு நிமிஷம் விடுங்க. அந்தச் சூட்டுலயே வெந்துடும். இங்க மலை மேல, சுமார் 1500 மீட்டர்ல, ஈரம் சீக்கிரம் ஆவியாயிடும். அதனால நான் ஒரு ஸ்பூன் பால் சேர்ப்பேன். கீழ உங்களுக்கு வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை:
பச்சைத் துருவலா இருந்தா சீக்கிரம் ஊசிப்போகும்ங்க. உலர் துருவல் வாங்குங்க. மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, சேலம் வெயிலுக்கு வெண்ணெய் உருகிப் பரவிடும்.

அஸ்தம்பட்டி அம்மா:
இன்னிக்குப் 11 நிமிஷத்துல எடுத்தேன். ஆறின பிறகும் விரல் வெச்சா நடுவுல குழி விழுது! பொண்ணு நாலு சாப்பிட்டா. ரொம்ப நன்றிங்க.