மறு: 'சுரப்புத் தூண்டி ஏற்பி' சரியாக வருமா?

அன்பர்களே,

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் மேல், ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் வந்து அமரும் ஏற்பி (ரிசெப்டர்) இருக்கிறது. இன்சுலின் சுரப்பைக் கூட்டும் இந்த மாதிரி ஏற்பிகளுக்கு 'சுரப்புத் தூண்டி ஏற்பி' என்று பெயர் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. ரிசெப்டருக்கு ஏற்பியா வாங்கியா என்ற பழைய வழக்கை மறுபடியும் கிளப்ப வேண்டாம். இங்கே ஏற்பி, ஈழத்தில் வாங்கி, இரண்டும் புரிகிறது. எனக்கு இடிப்பது அதன் முன்னால் நிற்கும் 'தூண்டி'.

கணையத்து பீட்டா செல்லை முதலில் தூண்டுவது குளுக்கோஸ்தான். அது உள்ளே போய்ச் சிதைந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கூடுகிறது. ஏடிபி கூடினால் செல்சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வழியான பொட்டாசியம் கால்வாய் மூடும், செல்சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் கால்வாய் திறக்கும். கால்சியம் பாய்ந்ததும் இன்சுலின் அடைத்த நுண்பைகள் சவ்வோடு ஒட்டி வெளியே கொட்டுகின்றன. நாம் பெயர் தேடும் ஜிஎல்பி-1 ஏற்பிக்கு இதுவரை வேலையே இல்லை.

அது அப்புறம்தான் வருகிறது. சாப்பாடு குடலுக்கு இறங்கியதும் அங்குள்ள எல் செல்கள் ஜிஎல்பி-1 சுரக்கின்றன. அது ஏற்பியில் போய் அமர்ந்தால் பீட்டா செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள் தூது மூலக்கூறு ஏறி, இன்னும் நிறைய நுண்பைகள் வெளியேறும். ரத்தத்தில் குளுக்கோஸ் குறைவு என்றால் இதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் கிடந்தால்தானே ஷட்டரைத் தூக்கி சானலில் கூடுதலாக விட முடியும்?

இது ஏட்டுச் சண்டை இல்லை. மார்த்தாண்டத்தில் மருந்துக் கடையில் நிற்கிறவன் நான். "அண்ணே, சாப்பிடாம இந்தக் குளிகையப் போட்டா கிறங்குதே" என்று கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரை அட்டையை நீட்டுவார்கள். கிறங்கத்தான் செய்யும். அந்த மருந்து பொட்டாசியம் கால்வாயை நேராக மூடுவது. குளுக்கோஸ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஜிஎல்பி-1 வகை ஊசியைத் தனியாகப் போடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. இரண்டையும் 'தூண்டி' என்றே எழுதினால் படிக்கிற நர்சிங் பிள்ளைக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

என் முன்மொழிவு: மிகுப்பேற்பி, அதாவது ஏற்கெனவே தொடங்கிய சுரப்பை மிகுக்கும் ஏற்பி. நரம்பு முனை விடும் அசிட்டைல்கோலின் வந்து அமரும் எம்3 ஏற்பியையும் இதில் சேர்க்கலாம். வழி வேறு, செல்லுக்குள் சேமித்த கால்சியத்தை அது அவிழ்த்துவிடுகிறது. எதிர்ப்பக்கம், சுரப்பைக் குறைப்பவை தணிப்பேற்பி: அட்ரினலினுக்கான ஆல்ஃபா-2 ஏற்பி, சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ஏற்பி. பதற்றத்தில் சுகர் ஏறுவதற்கு இந்த ஆல்ஃபா-2வும் ஒரு காரணம். 'தடுப்பேற்பி' வேண்டாம். ஏற்பியையே அடைக்கும் மருந்தைத் தடுப்பி என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

போன மடலில் வந்த 'பெருக்கேற்பி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எலிகளில் ஜிஎல்பி-1 பீட்டா செல்களின் எண்ணிக்கையையே பெருக்குவதையும் பார்த்திருக்கிறார்கள். பெருகுவது செல்லா சுரப்பா என்ற குழப்பம் வரும். 'கூட்டேற்பி' என்றாலோ பல ஏற்பிகள் சேர்ந்த கூட்டம் என்று படும்.

நீளமாக இருக்கிறது என்று மிகுப்பி எனச் சுருக்கிவிடாதீர்கள். அந்தப் பெயரை ஜிஎல்பி-1 வகை ஊசி மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.