எங்கள் முதியோர் சேவை உத்தியோகத்தருக்கு ஒரு பாராட்டு: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிரதேச செயலகத்தில் முதியோர் விஷயங்களைப் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். 60 வயதானால் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம் என்பதே எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பாதிப் பேருக்கு அவர் சொல்லித்தான் தெரியும். போன மாதம் கொட்டும் மழையில் மேட்டு லயம் வரைக்கும் ஏறி வந்து, இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து, சிங்களப் படிவத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லி நிரப்பி, கைநாட்டு வைத்த என் அப்பாயியின் பெருவிரல் மையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

ஒக்டோபர் 1 சர்வதேச முதியோர் தினம். அன்றைக்கு அவரை மேலிடம் பாராட்ட வேண்டும் என்று ஆசை. பிரதேச செயலாளருக்கு எழுதினால் போதுமா, மாவட்டச் செயலகத்துக்கும் அனுப்ப வேண்டுமா? அப்புறம், கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதித் தர யாராவது இருக்கிறீர்களா? கையெழுத்தும் கைநாட்டும் நாங்கள் சேர்த்துவிடுவோம்.