2018 ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை: அந்த வருஷ வெயிலா, சென்னைச் சூடா?

ஜெர்மனியின் மோசல் பகுதியில் விளைந்த 2018 ரீஸ்லிங் கபினெட்; ரீஸ்லிங் என்ற திராட்சையில் செய்த, கபினெட் என்ற இலகுவான வகை வெள்ளை ஒயின். திறந்ததும் மண்ணெண்ணெய் வாசனை தூக்கலாக வருகிறது. எலுமிச்சை, பச்சை ஆப்பிள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். நிறம் பொன்மஞ்சள், பழுப்பில்லை. காடி வாடையும் இல்லை.

2019இல் அண்ணன் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து கொண்டுவந்தார். அன்றிலிருந்து வேளச்சேரி வீட்டில், வெளிச்சம் படாத அலமாரியில். ஏசி இரவில் மட்டும்.

நன்றாகக் குளிரவைத்தேன், கிளாஸில் ஊற்றிக் காற்றாட விட்டேன், மறுநாளும் குடித்துப் பார்த்தேன். வாசனை குறையவில்லை. அப்புறம் அதே பகுதியின் 2021ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே அது குளிர்ந்த, மழை மிகுந்த வருஷம். புளிப்பு சுள்ளென்று இருக்கிறது, மண்ணெண்ணெய் துளியும் இல்லை. ஆனால் அது ஃப்ரிட்ஜிலேயே இருந்தது, வயதும் குறைவு.

இந்த வாசனையைத் தரும் டிடிஎன் என்ற சேர்மம், திராட்சையில் வெயில் அதிகம் பட்டாலும் கூடும், பாட்டில் சூட்டில் இருந்தாலும் கூடும். 2018இல் அங்கே கடும் வெப்பம், வறட்சி. குழப்பமே இதில்தான்.

இன்னொரு பாட்டில் மீதமிருக்கிறது. மிகவும் பிடித்த ஒயின், வீணாக்க மனமில்லை. குடித்துப் பார்த்தே இது திராட்சை கண்ட வெயிலா, பாட்டில் கண்ட சூடா என்று எப்படிப் பிரித்தறிவது?