இரட்டைப் பாதை: வளைவில் 50 மி.மீ. இடைவெளி போதுமா?

நீராவி71:
எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயிலுக்கு இரட்டைப் பாதை போடுகிறேன். வளைவில் வெளிப்பாதையின் ஆரம் 900 மி.மீ., உள்பாதை 850. பீக்கோ ஸ்ட்ரீம்லைன் பாயிண்டுகளை (ரயிலைப் பாதை மாற்றும் தண்டவாளத் துண்டுகள்) இணைத்து ஒரு பாதையிலிருந்து மற்றதற்கு மாறினால், நேர்ப்பாதையில் இரு பாதை மையங்களின் இடைவெளி தானாகவே 50 மி.மீ. வந்துவிடும். வளைவிலும் அதேதான் வைக்கப்போகிறேன். வளைவில் மட்டும் பாதைகள் விலகினால் பொம்மை ரயில் மாதிரி தெரியும்.

மைல்கல்:
வேண்டாம் சார். வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கும், முனைகள் வெளியே தள்ளும். வெளிப்பாதைப் பெட்டியின் நடுவும் உள்பாதைப் பெட்டியின் மூலையும் நேருக்கு நேர் வரும்போதுதான் உரசல். என் முதல் லேஅவுட்டில் (மாடல் ரயில் அமைப்பில்) இப்படித்தான் இரண்டு பெட்டிகளின் படிக்கட்டுகள் உடைந்தன.

நீராவி71:
கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். ஐசிஎஃப் பெட்டி (பழைய ரகப் பயணிகள் பெட்டி) 21,337 மி.மீ. நீளம், போகி (பெட்டிக்கு அடியில் இரு முனைப் பக்கமும் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு நடுவே 14,783. 87-ஆல் வகுத்தால் 245, 170. போகித் தூரத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப் பிதுக்கம் 4 மி.மீ. நீளத்தின் வர்க்கத்தில் போகித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து அதேபோல வகுத்தால் முனைக்கு 4.6. இரண்டு பெட்டிகளின் அரை அகலங்கள் சேர்ந்து 37.3. எல்லாம் சேர்ந்து 46, இன்னும் 4 மி.மீ. மிச்சம்.

மைல்கல்:
புதிய ரக எல்எச்பி பெட்டியை ஓட்டவே மாட்டீர்களா? அது 23,540 நீளம், ஆனால் போகித் தூரம் 14,900தான். போகிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதிகம் என்பதால் முனை 6.5 மி.மீ. தள்ளும். மிச்சம் 2 மி.மீ. ஃபிளெக்ஸ் டிராக்கை (வளைக்கக்கூடிய தண்டவாளத்தை) கையால் வளைக்கும்போதே அது போய்விடும்.

அப்புறம் தோற்றம். நம் ரயில்வேயில் புதிய இரட்டைப் பாதைகளுக்குக் குறைந்தபட்ச மைய இடைவெளி 5,300 மி.மீ. எச்ஓவில் 61. உங்கள் 50 இப்போதே நெருக்கம்தான்.

பலகைத்தச்சன்:
ஆணி அடிக்கும் முன் நீளமான பெட்டியின் நடுவிலும் மூலையிலும் பென்சிலை ஒட்டி, வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பாதையின் கோடுகளும் எவ்வளவு நெருங்குகின்றன என்று பலகையிலேயே தெரியும்.

நீராவி71:
61 விஷயம் சரி, தோற்றத்தைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் 50-இலிருந்து விரியும் இடத்தில் முறிவு தெரியுமே?

மைல்கல்:
தெரியாது. நேர்க்கோட்டிலிருந்து மெல்ல மெல்ல வளையும் இணைப்பு வளைவு போடுங்கள். வெளிப்பாதைக்கு 200 மி.மீ., உள்பாதைக்கு 400. நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 24 மடங்கால் வகுத்தால், வளைவு உள்ளே நகரும் தூரம் கிடைக்கும். வெளிப்பாதையில் 2 மி.மீ., உள்பாதையில் 8. உள் ஆரம் 844 ஆகும், இடைவெளி தானாக 56.

நீராவி71:
அந்த 400-இல் பாதி நேர்ப்பாதையில்தானே விழும்? ஸ்டேஷன் பக்கம் எனக்கு 1,300 மி.மீ.தான். இரண்டு முனையிலும் 200 போனால் 900. மூன்று எல்எச்பியும் ஒரு டபிள்யூஏபி-7 மின் இன்ஜினும் சேர்ந்தாலே 1,060 தாண்டும். ரயில் நிற்கப் பிளாட்பாரம் வேண்டாமா?

மைல்கல்:
பிளாட்பாரத்தை இணைப்பு வளைவுக்குள் 100 மி.மீ. நீட்டுங்கள். அந்த இடத்தில் பாதை நேர்க்கோட்டை விட்டு அரை மி.மீ.தான் விலகியிருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 1,100 கிடைக்கும்.

நீராவி71:
மலைக்கு அடியில் போகும் வளைவுக்கு 56 சரி, அங்கே உரசித் தடம் புரண்டால் கையே நுழையாது. ஸ்டேஷன் பக்கம் முதலில் 50-இல் பென்சில் வைத்துப் பார்க்கிறேன். எல்எச்பியின் கோடுகள் தொடவில்லை என்றால் அங்கே 50தான்.