பயிற்சி விமானிக்கு முதல் செலவு எது? ஹெட்செட்டா, கணக்குச் சக்கரமா?

கரிச்சான்: அடுத்த மாதம் சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமப் பயிற்சியில் சேர்கிறேன். பள்ளியில் இருப்பது செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானம். சீனியர் ஒருவர் பட்டியல் கொடுத்தார்: இரைச்சலை அடக்கும் ஏஎன்ஆர் ஹெட்செட், ஐபேட், எலெக்ட்ரானிக் ஃப்ளைட் கம்ப்யூட்டர், கறுப்புக் கண்ணாடி, ஒரு மூட்டைப் புத்தகம். கூட்டினால் இரண்டரை லட்சம் தாண்டுகிறது. கட்டணத்துக்கே அப்பா நிலத்தை அடகு வைத்திருக்கிறார். எதை முதலில் வாங்குவது?

நீலவானம்: ஹெட்செட்டில் கஞ்சத்தனம் வேண்டாம் தம்பி. உரிமத்துக்கு 200 மணி நேரம் அந்த இன்ஜினுக்குப் பின்னால்தான் உட்காரப் போகிறாய். கிளாஸ் 1 மெடிக்கலில் காதையும் சோதிப்பார்கள். போஸ் ஏ30 மாதிரி ஒன்றை இப்போதே வாங்கிவிட்டால் வேலைக்குப் போன பிறகும் உழைக்கும்.

பழைய ரன்வே: காதைக் காக்க ஒரு லட்சத்துக்கு மேல் செலவழிக்க வேண்டுமா? டேவிட் கிளார்க்கின் பச்சை ஹெட்செட், எச்10-13.4, 23 டெசிபல் தடுக்கும். பேட்டரியே கிடையாது. முதல் சில வாரம் ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட்டும், தரையைத் தொட்டதும் மறுபடி எழும்பும் டச் அண்ட் கோவும்தான். அதற்கு இது தாராளம்.

நீலவானம்: அந்த 23-ஐ வைத்து மட்டும் பேசாதீர்கள் சார். சாதா ஹெட்செட் கீச்சென்ற சத்தத்தை நன்றாகவே தடுக்கும். ஆளைக் களைக்க வைப்பது இன்ஜினின் அடித்தொண்டை உறுமல். ஏஎன்ஆர் பிடிப்பது அதைத்தான். இரண்டு மணி நேர கிராஸ் கன்ட்ரி, அதாவது வேறு ஊருக்குப் போகும் பயணம், முடியும்போது டவர் சொல்வதை நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. ஹெட்செட்டை மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பழைய ரன்வே: சரி, கிராஸ் கன்ட்ரி வரும்போது வாங்கட்டும். அதுவரை பணம் பையிலேயே இருக்கட்டும்.

மழைமேகம்: இடையில் ஒன்று. எதை வாங்கினாலும் பிளக்கைப் பாருங்கள். நான் பழைய ஹெட்செட் ஒன்றை அடிமாட்டு விலைக்குப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒற்றை பிளக், ஹெலிகாப்டருக்கானது! 172-க்கு இரட்டை பிளக் வேண்டும். அடாப்டர் தேடி அலைந்தேன். கண்ணாடியிலும் போலரைஸ்டு வேண்டாம், சில திரைகள் கறுத்துத் தெரியும்.

பழைய ரன்வே: இப்போது கணக்குச் சக்கரம். பெயர் ஈ6பி. காற்று, வேகம், நேரக் கணக்கைக் கையால் சுழற்றிப் போடும் வட்ட அளவுகோல். அமெரிக்கக் கடற்படையின் பிலிப் டால்டன் வடிவமைத்தது, 1930களின் சரக்கு. எலெக்ட்ரானிக் கருவியைத் தள்ளிவிட்டு முதலில் இதை வாங்கு.

நீலவானம்: மியூசியத்தில் வைக்க வேண்டியது! ஐபேட்டில் ஒரு தொடுதலில் விடை வருகிறது.

பழைய ரன்வே: விடை வரும், அது சரியா என்று எப்படித் தெரியும்? 110 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் போகிறாய், 20 நாட் காற்று நேர் குறுக்கே. சக்கரத்தில் காற்றுக்காகக் குறித்த புள்ளி ஒரு பக்கம் விலகுவது கண்ணுக்கே தெரியும்: காற்றை நோக்கி மூக்கைத் திருப்ப வேண்டியது பத்தரை டிகிரி. ஒன்றுக்கு அறுபது கணக்கில், 20-ஐ 110-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கி, மனதுக்குள் போட்டால் சுமார் 11. இரண்டும் ஒத்துப் போகிறது. ஐபேடில் காற்றுத் திசையைத் தப்பாகத் தட்டினால் அதுவும் தயங்காமல் ஒரு விடை சொல்லும். தவிர, 35 டிகிரி சுற்றுச்சூழல் வெப்பம் வரைதான் ஐபேடுக்கு என்று ஆப்பிளே சொல்கிறது. மே மாதம் ஏப்ரனில், அதாவது விமானம் நிறுத்தும் திடலில், நிற்கும் விமானத்துக்குள் உட்கார்ந்து பார். என்னுடையது தரையிலேயே அணைந்தது.

நீலவானம்: வெயில் விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஐபேடே வேண்டாம் என்றால்? அமெரிக்க விமானத் துறை ஆணையமான எஃப்ஏஏ-வின் பைலட்ஸ் ஹேண்ட்புக் இலவச பிடிஎஃப். நம் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் விதிகளும், விமானிகளுக்கான தகவல் தொகுப்பான ஏஐபியும் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. எல்லாவற்றையும் அச்சடித்தால் அலமாரி தாங்காது. படிப்பது ஐபேடில், பறப்பது காகிதத்தில், போதுமா?

மழைமேகம்: எஃப்ஏஏ புத்தகத்தை ஏர் ரெகுலேஷன்ஸ் (விமான விதிகள்) தேர்வுத் தாளுக்கு நம்பிவிடாதே கரிச்சான். அங்கே நம் விதிதான். தாளுக்கு 70 விழுக்காடு வேண்டும்.

கரிச்சான்: சக்கரம் சரி. ஒரு சந்தேகம். இன்ஜின் நின்றால் 172-இன் கிளைடு வேகம், அதாவது சறுக்கி இறங்கும் வேகம், 65 நாட் என்று ஒரு நோட்ஸில் படித்தேன். சீனியர் 68 என்கிறார். எது சரி?

பழைய ரன்வே: இரண்டும் சரி! 65 பழைய 172என்-க்கு, 68 உன் 172எஸ்-க்கு, முழு எடையில். இதனால்தான் நீ பறக்கும் அதே மாடலின் பிஓஎச், அதாவது தயாரிப்பாளர் தரும் விமானிக் கையேடு, வேண்டும். அடுத்தவர் நோட்ஸ் வேண்டாம். பள்ளியிலேயே நகல் எடுக்கலாம், சில நூறு ரூபாய். இதைத்தான் நான் பட்டியலின் தலையில் எழுதியிருக்க வேண்டும், ஹெட்செட் சண்டையில் மறந்தே போயிற்று.

நீலவானம்: இதில் சண்டை இல்லை. ஆனால் ஹெட்செட்டில் என் கருத்து மாறவில்லை.

கரிச்சான்: பிஓஎச் நகலும் சக்கரமும் இந்த வாரம் வாங்குகிறேன். ஐபேடுக்குப் பதில் வீட்டு லேப்டாப். பச்சை ஹெட்செட் ஒன்று பழையது விலைக்கு வருகிறது. விற்பவரிடம் பிளக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.