நார்கோலெப்சிக்கு நரம்புத் தூண்டல் கருவி: பயன்படுத்தியவர்கள் எழுதுங்கள்

கல்லூரி மாணவியின் தாய்:
என் மகளுக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்து கோணலாகிப் பேனா நழுவிவிடும். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடும். விழித்திருக்க உதவும் மோடஃபினில் மாத்திரையால் பகல் தூக்கம் குறைந்தது, பசியும் போய்விட்டது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவியை வாங்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். வாங்கலாமா?

லண்டனிலிருந்து:
அக்கா, எனக்கு இருப்பது கிளஸ்டர் தலைவலி, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கடுமையாக வரும் வலி. இங்கே சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு அதற்காக 2019இல் காமாகோர் என்ற வேகஸ் தூண்டல் கருவியைப் பரிந்துரைத்தது. ஜெல் தடவி, கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் வைத்து, உதட்டோரம் இழுக்கும்வரை தூண்டலின் அளவைக் கூட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 2 நிமிடம். எனக்குப் பல நேரங்களில் வலி அடங்கியது. வலி போனால் யாருக்கும் முகம் தெளியும். அதை வைத்து உங்கள் மகளின் தூக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது.

நார்கோலெப்சியுடன் வேலைக்குப் போகிறவன்:
அக்கா, நானும் இந்தக் கருவியைப் பற்றி என் மருத்துவரிடம் கேட்டேன். படம் வரைந்து விளக்கினார். வேகஸ் நரம்பின் செய்தி மூளைத்தண்டு வழியாக லோகஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புத் தொகுதியை எட்டும். விழிப்புக்கு வேண்டிய நார்அட்ரினலின் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அமெரிக்க விமானப்படையினரை 34 மணி நேரம் கண்விழிக்க வைத்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. கழுத்தில் தூண்டல் பெற்றவர்களின் கவனம் அவ்வளவாகச் சரியவில்லை. ஆனால் அவர்கள் தூக்கம் கெட்ட ஆரோக்கியமானவர்கள். சிரிக்கும்போது தசை தளரும் நம் வகையிலோ நம்மை விழித்திருக்க வைக்கும் ஒரெக்சினைச் சுரக்கும் மூளைச் செல்களே பெரும்பாலும் அழிந்துபோயிருக்கின்றன. வெளியிலிருந்து தூண்டினால் அவை திரும்பி வராது. காமாகோருக்கு அமெரிக்கா அளித்த அனுமதியும் தலைவலிகளுக்குத்தான். முறையான ஆய்வில் சேர அழைத்தால் நான் முதல் ஆளாகப் போவேன். கடையில் வாங்கி மாட்டிக்கொள்ள மாட்டேன். இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

இன்னொன்று, முழங்கால் மடங்குவதை மோடஃபினில் தடுக்காது. எனக்கு அதற்கு வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தருகிறார்கள். மகளின் மருத்துவரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். மதியம் 20 நிமிடத் தூக்கம் எனக்கு மாலைவரை தாங்குகிறது.

கல்லூரி மாணவியின் தாய்:
தம்பி, மனம் நிறைந்த நன்றி. வென்லாஃபாக்சின் பற்றி இதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மதியத் தூக்கத்துக்குக் கல்லூரியில் அனுமதி கேட்க மருத்துவரின் கடிதம் போதுமா?

நார்கோலெப்சியுடன் வேலைக்குப் போகிறவன்:
என் அலுவலகத்தில் போதுமானதாக இருந்தது. நோயின் பெயரையும் தூங்க வேண்டிய நேரத்தையும் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். தேர்வு நேரச் சலுகையையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.